நூத்திப்பத்துக்கு எழுபது

செப்டம்பர் 3, செவ்வாய்

ஜனவரியில மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. பாலித்தீன் உறையைக்கூடக் கிழிக்காம பீரோவுல கிடந்துச்சு. இன்னிக்கு ஒரு விசேஷம், அதான் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமைன்னா எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிகளுக்கான நாள். அறுபத்திரெண்டு பேர். எடை மெஷின்கிட்ட ஒரே தள்ளுமுள்ளு. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல கர்ப்பமும் இல்லாம, துணைக்கு வந்தவளும் இல்லாம ஒரு அம்மா தொடுதிரை டேப்பும் கையுமா நின்னாங்க. நாப்பது வயசிருக்கும். பேர் நூருன்னிசா. சென்னையில ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி.

"சிஸ்டர், இருபத்தாறு வருஷமா பிரசவம் பாக்குறீங்க. யாரை இங்கேயே வச்சுக்கலாம், யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு ஆளைப் பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சிடும். அந்த அறிவை உங்ககிட்ட இருந்து வாங்கி ஒரு ஏ.ஐ.க்குக் கொடுக்கப்போறோம். நீங்க இல்லாத ஊர்லயும் உங்க புத்தி வேலை செய்யும்"னாங்க.

"மொத்தத்தையும் வாங்கிட்டா எனக்கு என்னம்மா மிச்சம் இருக்கும்?"னு கேட்டேன்.

டாக்டர் இளஞ்சேரன் விழுந்து விழுந்து சிரிச்சார். "மாவட்டத்துலயே உங்க பேரைத்தான் சொல்லியிருக்காங்க, அமலோற்பவம் சிஸ்டர்"னார். முகத்தை உர்ருன்னு வச்சுக்கிட்டேனே தவிர உள்ளுக்குள்ள எனக்குப் பெருமை தாங்கல.

செப்டம்பர் 5, வியாழன்

ரெண்டு மணிக்கு மேல கூட்டம் ஓஞ்சதும் கட்டுப் போடுற ரூம்ல உக்காந்தோம். நான் ஏதோ பாடம் நடத்தணும்னு நெனச்சேன். அப்படி இல்ல. எங்க அஞ்சு வருஷ ரிஜிஸ்டரையும் போட்டோ எடுத்து உள்ள ஏத்திட்டாங்க. அதுல இருந்து மூணு கேஸை எடுத்து டேப் திரையில போடும். பேர் இருக்காது, எண்ணும் தேதியும்தான். "இந்த மூன்றில் எந்த இரண்டு ஒன்றுபோல் உள்ளன? மூன்றாவது எதனால் வேறுபடுகிறது?" நான் வாயால சொன்னா அதுவே எழுதிக்கும். எழுதிட்டு "ஏன்?"னு கேக்கும். அதுக்குப் பதில் சொன்னா அந்தப் பதிலுக்கும் ஒரு "ஏன்?"

நொய்நொய்னு நிறுத்தாம கேக்குதேன்னு அதுக்கு மாமியார்னு பேர் வச்சுட்டேன். நூருன்னிசா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. "எங்க மாமியார் கேக்குறதோட சரி சிஸ்டர், பதிலை எதிர்பாக்க மாட்டாங்க"ன்னாங்க.

ஆனா ஒண்ணு. கேக்கக் கேக்க எனக்கே தெரியாததெல்லாம் வெளிய வருது. வலியோட வர்ற பொண்ணு செருப்பை ஓரமா கழட்டி வச்சுட்டு வந்தா இன்னும் நேரம் இருக்கு. உதறி எறிஞ்சுட்டு வந்தா நேரா கட்டில்தான். இத்தனை வருஷமா இதைப் பாத்துத்தான் முடிவு பண்ணியிருக்கேன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மாமியாருக்குக் கெட்டிக்காரத்தனம் இருக்கு.

செப்டம்பர் 9, திங்கள்

லேபர் ரூமைப் பிளீச்சிங் போட்டுக் கழுவியாச்சு. பூனை மறுபடியும் ஜன்னல் வழியா வந்துட்டுப் போயிருக்கு. வலையடிக்கச் சொல்லி எத்தனை தடவை எழுதிக் கொடுக்கிறது!

நாளைக்குச் செவ்வாய். ரிஜிஸ்டர்ல கோடு போட்டு, வரவேண்டியவங்க பேரை எழுதி, பிபி எழுதுற வரிசையையும் நிரப்பி வச்சுட்டேன். எல்லாருக்கும் 110/70. எல்லா ஊர்லயும் செய்யுறதுதான். மறுநாள் யாராவது முகம் கை காலெல்லாம் வீங்கி, பிபி ஏறின அறிகுறியோட வந்தா மட்டும் அளந்து பாத்துத் திருத்திக்குவோம். அறுபது பேருக்கு ஒரு நர்ஸ், ஒரு பிபி மெஷின், அதுலயும் காத்து ஒழுகுது. நான் என்ன எட்டுக் கையோடவா பொறந்தேன்?

இதை எதுக்கு இப்போ எழுதினேன்னு தெரியல.

செப்டம்பர் 12, வியாழன்

இன்னிக்கு மாமியார் போட்ட மூணு கேஸ்ல ஒண்ணு 2217. ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை.

எண்ணைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. பேர் செந்தாமரை. ரிஜிஸ்டர்ல இருக்கிறது இவ்வளவுதான்: பிபி 110/70. முகம் வீக்கம். மதியம் ஒண்ணேகாலுக்கு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். வழியில் மரணம்.

"இரத்த அழுத்தம் சரியாக இருந்தும் இவரை ஏன் அனுப்பினீர்கள்?"

முகம் வீங்கியிருந்துச்சுன்னேன்.

"எப்போது கவனித்தீர்கள்?"

வந்த உடனேன்னேன்.

"அழுத்தம் சரியாக இருந்ததை ஏன் நம்பவில்லை?"

அனுபவம்னேன்.

நூருன்னிசாவுக்குக் கண்ணு விரிஞ்சுபோச்சு. "இதுதான் சிஸ்டர் எங்களுக்கு வேணும்! மெஷின் காட்டினதை நம்பாம முகத்தைப் பாத்தீங்க பாருங்க, இது எந்தப் புத்தகத்துலயும் இருக்காது"ன்னாங்க. டீ வாங்கியாறேன்னு சொல்லிட்டு நான் வெளிய வந்துட்டேன். கொஞ்ச நேரம் வேப்பமரத்துக்கிட்ட நின்னேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

போர் மோட்டார் ரிப்பேர். தலைவலி.

செப்டம்பர் 24, செவ்வாய்

கூட்டம் முடிஞ்சதும் நூருன்னிசா டாக்டர் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. மாமியார் எங்கிட்ட கேட்டதையும் ரிஜிஸ்டரையும் வச்சு ஒரு கேள்விப் பட்டியல் போட்டிருக்கு. தொந்தரவுன்னு சொல்றவங்களை வச்சு நர்ஸ் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தட்டினா கடைசியில பச்சையோ சிவப்போ வரும். பச்சைன்னா அங்கேயே வச்சுக்கலாம். சிவப்புன்னா உடனே அனுப்பணும்.

"இதுல ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரியுது சிஸ்டர். உங்க ரிஜிஸ்டர்ல பிபி ஏறியிருந்த எல்லாருக்குமே முகமும் வீங்கியிருக்கு. முகம் வீங்காத ஒருத்தருக்குக்கூட பிபி ஏறல. 2217-ல பிபி கோட்டை விட்டதை முகம் காட்டிக் கொடுத்திருக்கு. அதனால முதல்ல முகத்தைக் கேட்டாப் போதும்னு இது சொல்லுது. வீக்கம் இல்லைன்னா பிபி கேள்வியே வராது. நேரம் மிச்சம். நிபுணர் நீங்க ஒத்துக்கணும்."

பிபி ஏறியிருந்த எல்லாருக்கும் முகம் வீங்கியிருக்கும்தான். வீங்கினவங்களுக்கு மட்டும்தானே நான் அளந்தேன்!

வாய் வரைக்கும் வந்துச்சு. டாக்டர் போன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டு டேப்பை எம்பக்கம் தள்ளினார். "ரிஜிஸ்டர்ல எப்படியும் பிபி எழுதத்தானே போறாங்க, இதுல வேற எதுக்கு?"ன்னார். நூருன்னிசா சிரிச்ச முகத்தோட என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

சரின்னு தட்டினேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஜெபமாலை மாசம். காலைப் பூசைக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டது, புறணி பேசினது, ரெண்டு ஞாயிறு பூசைக்கு லேட்டா வந்தது எல்லாம் சொன்னேன். "வேற ஏதாவது உண்டாம்மா?"ன்னு சாமியார் கேட்டார். இல்ல ஃபாதர்னேன். அவரும் ஏன்னு கேக்க ஆரம்பிச்சா நான் எங்கே போவேன்? நல்லவேளை, அவர் கேக்கல.

வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு வச்சேன். உப்பு ரெண்டு தடவை போட்டுட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

பஸ்ல பச்சையம்மாவைப் பாத்தேன். செந்தாமரையோட அம்மா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவங்களே வந்து பக்கத்துல உக்காந்துட்டாங்க.

"நல்லா இருக்கீங்களா சிஸ்டரு? சின்னவ அஞ்சலைக்கு ஏழாம் மாசம். கோவிச்சுக்காதீங்க, உங்ககிட்ட கூட்டியாரல. அந்த வாசப்படியில காலு வைக்க மனசு வரல. அவ புருஷன் ஊர்லயே காட்டுறோம். அங்க சுகுணான்னு ஒரு நர்சம்மா, நல்லாத்தான் பாக்குது"ன்னாங்க.

அதனால என்னம்மா, எங்க பாத்தா என்னன்னேன்.

பச்சையம்மா எங்கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "பெரியவ மொகம் வீங்கினது பெத்தவ எங்கண்ணுக்குத் தெரியாமப் போச்சே சிஸ்டரு. கூடவேதான் கெடந்தேன். பாவி, கவனிக்காம விட்டுட்டேன். அதான் இப்ப சின்னவளை விடிஞ்சதும் வெளிச்சத்துல நிறுத்தி மொகத்தைத் தடவித் தடவிப் பாத்துடறேன். இதுவரைக்கும் வீக்கமில்ல, மாதா புண்ணியம்."

எங்க மாதா பேரை எனக்காகத்தான் சொன்னாங்க. அவங்க கும்பிடுறது மாரியம்மனை.

போன் நம்பர் கேட்டாங்க, கொடுத்தேன். என் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்புலயே இறங்கி நடந்து வந்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்னிக்கு முதல் பதினோரு சுகாதார நிலையத்துல டேப் வச்சுட்டாங்க. எங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கு. பச்சை வந்தா கீழே சின்ன எழுத்துல "அமலோற்பவம் சிஸ்டரின் இருபத்தாறு ஆண்டு அனுபவத்தின்படி"ன்னு போடுது. என்னைக் கேக்காமலே போட்டிருக்காங்க. டாக்டர் கேக் வெட்டச் சொன்னார், வெட்டினேன். போட்டோவுல என் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு.

சுகுணா வேலை செய்யுற இடமும் அந்தப் பதினொண்ணுல ஒண்ணு. லிஸ்ட்டை மூணு தடவை படிச்சுட்டேன்.

நூருன்னிசாவுக்கு போன் பண்ணணும். பண்ணி என்னன்னு சொல்றது? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி செந்தாமரை கேஸை விசாரிச்ச கமிட்டி முன்னாடியும் முகம் வீக்கம்னுதான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருக்கு. நாளைக்குப் பண்ணிக்கலாம்.

அக்டோபர் 23, புதன்

பண்ணல.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். என் நிஜ மாமியார் கல்லறையைக் கழுவி, சாமந்திப்பூ வச்சு, மெழுகுவத்தி ஏத்தினேன். உயிரோட இருந்த வரைக்கும் ஏன் எதுக்குன்னு குடைஞ்சு எடுத்த மனுஷி, இப்போ கம்முன்னு கிடக்குறாங்க. மெழுகுவத்தி ஒண்ணு அதிகமா வாங்கிட்டேன். யாருக்குன்னு கடைக்காரர் கேக்கல. சுவரோரமா, பேர் எழுதாத இடத்துல ஏத்தி வச்சுட்டு வந்தேன். காத்துல நிக்கவே இல்ல, மூணு தடவை அணைஞ்சுடுச்சு.

நவம்பர் 5, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிடறேன்.

பத்தரை மணி. ஹால்ல ஐம்பத்தெட்டு பேர். எடை போட்டுக்கிட்டிருந்தேன். போன் அடிச்சுது. பச்சையம்மா.

"சிஸ்டரு, சின்னவளுக்கு ரெண்டு நாளா தலவலி. கண்ணு முன்னால பூச்சி பூச்சியா மின்னுதுங்கறா. இங்க சுகுணாம்மா டேப்புல பாத்து பச்சை வந்துடுச்சு, ஒண்ணுமில்ல, பெஞ்சுல படுன்னுட்டாங்க. மொகம் வீங்கல சிஸ்டரு, நானும் நல்லாப் பாத்துட்டேன். பயப்பட ஒண்ணுமில்லதானே?"

இதையேதான் செந்தாமரையும் சொன்னா. பத்தே முக்காலுக்கு. தலவலி சிஸ்டர், கண்ணு மின்னுது சிஸ்டர்னு. கூட்டத்தைப் பாருடி, மாத்திரையைப் போட்டுக்கிட்டு அந்த ஓரமாப் படுன்னேன். ஒரு மணிக்கு ஃபிட்ஸ் வந்துச்சு.

பச்சையம்மா போன்லயே சுகுணாவைப் பிடிச்சேன். "அஞ்சலைக்கு பிபி என்ன?"

"டேப் அதைக் கேக்கலையே சிஸ்டர். முகம் வீங்கலன்னு தட்டினேன், பச்சை வந்துடுச்சு. உங்க பேரே போட்டிருக்கே!"

"ரிஜிஸ்டர்ல என்ன போட்டிருக்கே?"

"நூத்திப்பத்துக்கு எழுபது."

"அளந்தியா?"

அங்கே கூட்டத்தோட இரைச்சல்தான் கேட்டுச்சு.

"அளந்தியாடி?"

"சிஸ்டர், எண்பது பேர் நிக்கிறாங்க... முகம் நல்லாத்தானே இருக்கு. 2217 கேஸைப் பாத்துத்தானே நீங்களே சொல்லியிருக்கீங்க, முகம்தான் முக்கியம்னு. டிரெய்னிங்ல அதைத்தானே படிச்சுக் காட்டினாங்க."

"அந்தப் பொண்ணுக்கு முகம் வீங்கல!" கத்திட்டேன். "வீங்கவே இல்ல சுகுணா. நான் பிபி பாக்கல. முந்தின நாளே எழுதி வச்சிருந்தேன், உன்னை மாதிரியே. அவ போய்ச் சேந்ததும் என்ன காரணம் சொல்றதுன்னு தெரியாம வீக்கம்னு எழுதினேன். எல்லாம் பொய். போனை வைக்காத. இப்பவே அளந்து சொல்லு."

எடை மெஷின் மேல நின்ன பொண்ணு இறங்காம என்னையே பாக்குறா. ஐம்பத்தெட்டு பேரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. கேக்கட்டும்னு நின்னேன். போன்ல ரப்பர் பல்பை அமுக்குற சத்தம் வந்துச்சு. புஸ், புஸ், புஸ். அப்புறம் காத்து இறங்குற சத்தம்.

"சிஸ்டர்... நூத்தி எண்பதுக்கு நூத்திப்பத்து." சுகுணா அழுதுட்டா.

"அழறதுக்கு இது நேரமில்ல. மெக்னீசியம் ஊசி எடு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கவை. நீயும் கூடப் போ."

வண்டி கிளம்புற வரைக்கும் போனை வைக்கல. வச்சதுக்கு அப்புறம் டாக்டர் வாசல்ல நிக்கிறதைப் பாத்தேன். எப்போ வந்தார்னு தெரியல. ரிஜிஸ்டரை எடுத்து இன்னிக்குப் பக்கத்தைப் பிரிச்சார். பிபி வரிசை மேல இருந்து கீழ வரைக்கும் ஏற்கெனவே நிரம்பியிருந்துச்சு. நேத்து சாயங்காலம் நான் நிரப்பினது.

ஆமா. இவ்வளவுக்கு அப்புறமும் நேத்தும் நிரப்பித்தான் வச்சிருந்தேன்.

ஐம்பத்தெட்டு பேருக்கும் அளந்தோம். டாக்டர் தன் சொந்த மெஷினோட ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முடியும்போது மணி நாலரை. முகமே வீங்காத ரெண்டு பேருக்கு ஏறியிருந்துச்சு.

நவம்பர் 6, புதன்

மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். அஞ்சலைக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்காங்க. பொம்பளப் பிள்ளை, ரெண்டு கிலோகூட இல்ல, கண்ணாடிப் பெட்டியில இருக்கு. வழியில ஒரு தடவை ஃபிட்ஸ் வந்திருக்கு. ஊசி போட்டிருந்ததால தாங்கிட்டா. காலையில கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினாளாம்.

பச்சையம்மா ஓடி வந்து என் ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. "உசுரைக் காப்பாத்திக் கொடுத்துட்டீங்க சிஸ்டரு"ன்னாங்க. அவங்களுக்கு இன்னும் யாரும் சொல்லல. அப்படியே திரும்பி வந்திருந்தா இன்னிக்குத் தெரிஞ்சிருக்காது.

வராந்தா பெஞ்சுல உக்கார வச்சுச் சொன்னேன். முழுசா. எழுதி வச்ச நம்பர், கொடுத்த மாத்திரை, படுக்கவச்ச ஓரம், வீங்காத முகம்.

அடிப்பாங்கன்னு நெனச்சேன். அடிச்சிருக்கலாம். அவங்க சேலைத் தலைப்பைக் கையில சுத்திச் சுத்தி அவிழ்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"அப்ப எங்கண்ணு சரியாத்தான் இருந்துச்சா சிஸ்டரு?"

"சரியாத்தாம்மா இருந்துச்சு"ன்னேன்.

எழுந்து உள்ள போயிட்டாங்க. திரும்பிப் பாக்கல.

நவம்பர் 7, வியாழன்

நூருன்னிசா காலையிலயே வந்துட்டாங்க. நடந்ததையெல்லாம் நான் எழுதிக் கொடுத்ததைப் படிச்சாங்க. கோபப்படல, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. "நானும் அந்த நம்பர்களைப் பாத்தேன் சிஸ்டர். அஞ்சு வருஷமா கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே நம்பர். இந்த ஊர்ல எல்லாரும் ஆரோக்கியம்னு நெனச்சேன்"னு மட்டும் சொன்னாங்க. டாக்டர் சொல்லி, பதினோரு இடத்துலயும் நேத்தே டேப்பை நிறுத்திட்டாங்களாம். விசாரணை திங்கக்கிழமை. டாக்டரும் நானும் போகணும்.

அப்புறம் டேப்பை எம்முன்னாடி வச்சாங்க. 2217 திறந்திருந்துச்சு. "இரத்த அழுத்தம் சரியாக இருந்தும் இவரை ஏன் அனுப்பினீர்கள்?" அதே கேள்வி, அதே எழுத்து.

அளக்கவில்லை, எழுதி வைத்தேன்னு சொன்னேன். எழுதிக்கிச்சு.

"ஏன்?"

எப்பவும் அப்படித்தான் செய்வோம்னேன். அதையும் எழுதிக்கிச்சு. கொஞ்சம் யோசிக்கிற மாதிரி சுத்திட்டு அடுத்த கேள்வியைப் போட்டுச்சு.

"இதே காரணம் வேறு எத்தனை கேஸ்களுக்குப் பொருந்தும்?"

கீழே ஒரு காலிக் கட்டம்.

அஞ்சு வருஷ ரிஜிஸ்டரையும் மேஜை மேல அடுக்கி வச்சு எண்ணிக்கிட்டிருக்கேன். முதல் புத்தகத்துல நாப்பத்தொண்ணாம் பக்கம் வந்திருக்கேன். எதை அளந்தேன், எதை அளக்கலன்னு பாதிக்கு மேல எனக்கே ஞாபகம் இல்ல.

ரெண்டு வாரத்துல பதினோரு இடத்துலயும் சேத்து முன்னூத்திப் பதினெட்டு பேருக்குப் பச்சை வந்திருக்கு. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு அளந்துக்கிட்டிருக்காங்க. இப்போ நாலு மணிக் கணக்குப்படி இருநூத்தித் தொண்ணூறு பேரைப் பாத்தாச்சு. மீதி இருபத்தெட்டு பேர்ல கொஞ்ச பேர் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க, மத்தவங்க போன் எடுக்கல. தெரிஞ்ச ஊர்ப் பேரா இருந்தா நான் கூப்பிட்டுப் பாக்கறேன்னு லிஸ்ட்டை வாங்கி வச்சிருக்கேன்.

முதல் நம்பர் அடிச்சுக்கிட்டே இருக்கு. யாரும் எடுக்கல.